திண்ணையும் விடுதியும்: காவிரிக்கரையில் அறிவியல் பயின்ற முறைகள்

காவிரியும் கொள்ளிடமும் கைகோத்து வளைத்த திருவரங்கத் தீவும், அதன் தென்கரையில் மலைக்கோட்டையின் நிழலில் விரிந்து கிடக்கும் திருச்சிராப்பள்ளியும் நம் நாட்டு அறிவியல் வரலாற்றில் தனி இடம் பெற்றவை. தீவின் கீழ்ப்பகுதியான திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் சர் சி.வி. இராமன் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ஜி.என். இராமச்சந்திரன் 1942இல் இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதே கல்லூரியில் 1950 முதல் 1954 வரை ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பயின்றார். திருவரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்த எஸ். ரங்கராஜன், பின்னாளில் சுஜாதா எனத் தமிழுலகம் அறிந்தவர், அங்கேயே இயற்பியல் படித்தார்.

இப்பெயர்களை நாம் பெருமையோடு அடுக்குகிறோம். பள்ளி விழாக்களில் படங்களைத் திறந்து வைக்கிறோம். ஆனால் இவர்கள் எவ்வாறு படித்தார்கள் என்ற கேள்வியை அரிதாகவே எழுப்புகிறோம். மேதைமை பிறவியிலேயே வாய்ப்பது என்று கருதிவிட்டால் அக்கேள்விக்கு இடமில்லை. அக்கருத்தால் பெரிதும் பாதிக்கப்படுபவன், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணவனே. இரவெல்லாம் கண்விழித்துப் படித்தும் இயற்பியல் தாளில் தோற்கும்போது, "எனக்கு அறிவியல் வராது" என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். அவனிடம் இல்லாதது அறிவா, முறையா என்பதே நம் முன் உள்ள வினா. இவ்வினாவுக்கு விடைதேடி, நம் மரபில் கற்கும் முறையைப் பற்றி வழங்கிவந்த சிந்தனைகளையும், இவ்வூர்களில் அவை நடைமுறையில் நின்ற விதத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

ஸர்னூஜியின் நூல்

கற்பது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டு எழுந்த பழைய நூல்களில் முதன்மையானது இமாம் புர்ஹானுத்தீன் அஸ்ஸர்னூஜி இயற்றிய 'தஃலீமுல் முதஅல்லிம்'. கி.பி. 1200ஐ ஒட்டி எழுதப்பட்ட இச்சிறு நூல் பதின்மூன்று இயல்களைக் கொண்டது. ஆசிரியர், 'ஹிதாயா' என்னும் புகழ்பெற்ற சட்டநூலை யாத்த மர்கீனானியின் மாணவர். கல்விக்காகப் பலர் முயன்று உழைத்தும் பயன்பெறாமல் போவதைக் கண்டதே தம்மை எழுதத் தூண்டியது என்று அவர் காரணம் காட்டுகிறார். அவர்கள் வழியைத் தவறவிட்டனர் என்பது அவர் கணிப்பு. அவர்களுடைய அறிவை அவர் குறை கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஸர்னூஜியின் அறிவுரைகள் வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானவை. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க அவசரப்படலாகாது. புகாரா நகருக்குச் செல்லும் மாணவன் இரண்டு மாதங்கள் பொறுத்திருந்து ஆராய்ந்த பிறகே ஒருவரிடம் அமர வேண்டும் என்கிறார். தொடக்கத்தில் இருமுறை சொன்னால் மனத்தில் நிற்கும் அளவே பாடம் கொள்ள வேண்டும். பிறகு சிறுகச் சிறுகக் கூட்டலாம். நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், முந்தாநாளையதை நான்கு முறையும், அதற்கு முந்தியதை மூன்று முறையும், அதற்கும் முந்தியவற்றை முறையே இருமுறையும் ஒருமுறையும் ஓதிப் பார்க்க வேண்டும் என்று கணக்கு வகுத்துத் தருகிறார். எழுதுகோலும் மையும் எப்போதும் உடனிருக்க வேண்டும். வைகறையும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளையும் படிப்புக்கு உகந்தவை. ஒரு துறையில் சலிப்புத் தட்டினால் மற்றொன்றுக்கு மாறலாம். இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானி இரவில் பலவகை நூல்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு ஒன்று சலித்தால் ஒன்றை எடுப்பார் என்றும், தூக்கத்தை விரட்ட அருகில் நீர் வைத்திருப்பார் என்றும் எடுத்துக்காட்டுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சக மாணவரோடு வினா எழுப்பி விவாதிக்கும் ஒரு நாழிகை, தனித்து ஓதும் ஒரு திங்களைவிடப் பயனுடையது என்ற கருத்தை அவர் வலியுறுத்துகிறார். மனனத்தை இத்துணை போற்றிய ஒருவர், அதனினும் விவாதத்தை உயர்த்திப் பேசுவதை நாம் கவனிக்க வேண்டும்.

சந்தையும் சபக்கும்

நம் நிலத்திலும் இத்தகைய முறைகள் இருந்தன. திருவரங்கத்தில் திவ்வியப் பிரபந்தம் பயிற்றுவோர் 'சந்தை' என்னும் முறையைக் கையாளுவர். ஆசான் ஓர் அடியை ஒருமுறை சொல்வார். மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்வர். திருக்குர்ஆனை மனனம் செய்யும் ஹிஃப்ழு மதரஸாக்களில் அன்றைய புதுப்பாடமான 'சபக்', அண்மைப் பாடங்களான 'சபகீ', பழம்பாடமான 'மன்ஸில்' என மூவகையாகப் பிரித்து நாள்தோறும் ஒப்புவிக்கச் செய்வர். புதியதைக் கொள்ளும் அன்றே பழையதையும் மீட்டெடுக்க வேண்டும் என்ற விதி இதில் அடங்கியிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் கூற வரவில்லை. மனித நினைவின் இயல்பைக் கூர்ந்து நோக்கிய இரு சமூகங்கள் ஒத்த வழிகளைக் கண்டுகொண்டன என்பதே நாம் சொல்ல விழைவது.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்வும் இங்கு நினைவுகூரத் தக்கது. 1815 முதல் 1876 வரை வாழ்ந்த அவருக்கு இளமையில் நூல்கள் எளிதில் கிட்டவில்லை. ஏடுகளை இரவல் பெற்று, தம் கையால் படியெடுத்துக் கொண்டே படித்தார். தண்டியலங்காரம் அறிந்த ஒரு பரதேசி ஊரில் பிச்சையெடுத்துத் திரிவதறிந்து, அவர் பின்னே வீதிதோறும் நடந்து பாடங் கேட்டார் என்று அவர் மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாறு கூறுகிறது. படியெடுத்தல் என்பது வெறும் எழுத்து வேலை அன்று. ஒவ்வொரு சொல்லிலும் நின்று செல்லும் வாசிப்பு அது. அவ்வாறு பெற்றதை அவர் சாதி சமய வேறுபாடு பாராது வழங்கினார். நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் அவரிடம் பாடங் கேட்டவருள் ஒருவர் என்பது முஸ்லிம் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி.

மனனத்தின் எல்லை

எனினும், ஸர்னூஜி ஃபிக்ஹு மாணவர்களை நோக்கியே எழுதினார். சந்தையும் சபக்கும் ஓரெழுத்தும் மாறாமல் காக்கப்பட வேண்டிய மறைமொழிகளுக்காக அமைந்தவை. அறிவியலின் தேவை இவற்றோடு முடிவதில்லை. வாய்பாட்டை மறவாதிருத்தல் அதன் முதற்படி மட்டுமே. அது மெய்யா என்று சோதித்தலும், புதிய இடத்தில் பொருத்திப் பார்த்தலும் அடுத்த படிகள். இந்த வேறுபாட்டை உணராமல், ஒன்றுக்குரிய முறையை மற்றொன்றின் மேல் அப்படியே சுமத்தியதால்தான் நம் வகுப்பறைகளில் 'மனப்பாடம்' என்பது வசைச்சொல்லாகிவிட்டது.

அடுத்த படிக்கும் நம் மரபில் வழிகாட்டி உண்டு. பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் 1040ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைதம், தாலமியின் நூல்களில் கண்ட முரண்களை 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்ற நூலில் வரிசைப்படுத்தினார். முன்னோர் நூலை வாசிப்பவன் அந்நூலையும் ஐயுற வேண்டும், தன் அறிவையும் ஐயுற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலில், சிறு துளை வழியே இருட்டிடத்துக்குள் ஒளி விழுமாறு வெளியே பல விளக்குகளை வெவ்வேறிடங்களில் வைத்துச் சோதித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளிப்பொட்டு மட்டும் மறைந்தது; மீண்டும் திறந்தால் அதே இடத்தில் தோன்றியது. துளையில் ஒன்றுகூடிய ஒளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்று இவ்வளவு எளிய செயலால் நிறுவினார்.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், திருவானைக்காவலில் பிறந்த இராமனிடம் இதே மனப்பாங்கைக் காண்கிறோம். கடலின் நீலம், வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்று நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு கருதியிருந்தார். 1921இல் ஐரோப்பியப் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்ட இராமன், தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் எதிரொளித்து வரும் ஒளியை நீக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, மேலும் தெளிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. அத்தடத்தில் தொடர்ந்த ஆய்வே 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் கனிந்தது. பையில் அடங்கும் ஒரு கருவியும், பெரியவர் சொன்னதாயினும் கண்ணால் சரிபார்ப்பேன் என்ற உறுதியும் அங்கு முதலாக இருந்தன. இளமையில் தம்மை உருவாக்கியவை என்று அவர் குறிப்பிட்ட நூல்கள் மூன்றே. அவற்றுள் இரண்டு, யூக்ளிட்டின் வடிவியலும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலியியலும். பலவற்றை மேலோட்டமாகப் புரட்டுவதைக் காட்டிலும் சிலவற்றில் ஆழ்ந்து நிற்றல் அவர் வழி.

விடுதி அறையில்

தூய வளனார் கல்லூரியை இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாற்றினர். 1950இல் இராமேசுவரத்துப் படகுக்காரக் குடும்பத்து இளைஞர் அப்துல் கலாம் இண்டர்மீடியட் வகுப்பில் சேர அங்கு வந்தபோது, அவரோடு வந்தது ஒழுங்குபட்ட ஒரு பழக்கம். சிறுவயதில் வைகறை நான்கு மணிக்கு எழுந்து, நீராடி, கணித ஆசிரியரிடம் பாடங் கேட்டு, பின் தந்தையாருடன் தொழுகைக்கும் குர்ஆன் ஓதவும் சென்று, அதன் பின் செய்தித்தாள் போட்டவர் அவர். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்று மாணவர் கூறியதும் மாலையில் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். படத்தில் விளங்காதது பறவையில் விளங்கியது. தம் வாழ்வின் திசையைத் தீர்மானித்த பாடம் என்று கலாம் அதைப் பலமுறை நினைவுகூர்ந்தார்.

அவருடைய 'அக்னிச் சிறகுகள்' நூலில் நம் கருத்தைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. விடுதி அறையில் அவருடன் தங்கிய இருவருள் ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமிக்க ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூவரும் மகிழ்ந்து வாழ்ந்தனர் என்கிறார். மூன்றாம் ஆண்டில் சைவ உணவகத்தின் செயலாளராக விளங்கியவர் இந்த முஸ்லிம் மாணவர். இதைச் சமய நல்லிணக்கச் சான்றாக மேடைகளில் பலர் எடுத்துரைப்பர், அது உண்மையே. ஆயினும் கல்வி முறை பற்றி ஆராயும் நாம் வேறொன்றையும் காண்கிறோம். வெவ்வேறு பழக்கங்களிலிருந்து வந்த மூவர் ஓரறையில் இருக்கும்போது, தனக்குத் தெளிவானது என்று ஒருவன் நினைப்பதை மற்றவனுக்கு விளங்கும்படி சொல்லியாக வேண்டும். ஸர்னூஜி போற்றிய விவாதத்துக்கு இதனினும் சிறந்த களம் ஏது?

சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி ஆகிய பேராசிரியர்கள் தமக்குக் கதிரியக்கச் சிதைவையும் அரை ஆயுட்காலத்தையும் அறிமுகப்படுத்தினர் என்று கலாம் எழுதியுள்ளார். அப்பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அரை ஆயுட்காலத்தின் வரையறையைப் பிழையின்றி எழுதும் மாணவனிடம், "இரண்டு அரை ஆயுட்காலங்கள் கழிந்தால் எவ்வளவு எஞ்சும்?" என்று கேட்டால், "ஒன்றுமிராது" என்று விடை வருவதுண்டு. பாதி போன பின் எஞ்சிய பாதியும் போய்விடும் என்று எண்ணுகிறான். உண்மையில் கால் பங்கு எஞ்சும்; மூன்றாம் முறை கழிந்தால் அரைக்கால். ரேடியம் 226இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள் என்றால், 3200 ஆண்டுகளுக்குப் பின்னும் அதில் கால் பங்கு இருக்கும். வரையறையைப் பத்துமுறை வாசித்தாலும் இப்பிழை வெளிப்படாது. ஒரு நண்பன் கேட்கும் ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

கேள்வியின் இவ்வாற்றலைத் தமிழ் வாசகர்களுக்குப் பரவலாக உணர்த்தியவர் திருவரங்கத்து சுஜாதாவே. கலாமைப் போலவே தூய வளனாரில் இயற்பியலும், பின்னர்ச் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பொறியியலும் பயின்ற அவர், ஜூனியர் விகடனில் வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளித்து வந்தார். அத்தொடரின் பெயரே 'ஏன்? எதற்கு? எப்படி?'. அறிவியல் கற்கும் முறையை மூன்று சொற்களில் அடக்கிய தலைப்பு அது.

கலாமின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. இயற்பியல் பட்டம் முடிக்கும் தறுவாயில்தான், தாம் நாடியது பொறியியல் என்பதை அவர் உணர்ந்தார். எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது சகோதரி ஜொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். துறையைத் தேர்வதில் அறிந்தோருடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஸர்னூஜி ஓர் இயலே வகுத்ததன் காரணம் இங்கு விளங்குகிறது. வழிகாட்டுவார் இல்லாத குடும்பங்களில் இத்தாமதத்தின் விலையை யாரோ ஒரு சகோதரியோ தாயோ செலுத்துகின்றனர்.

எம்.ஐ.டி.யில் தாக்குதல் விமான வடிவமைப்பு ஒன்றை மூன்று நாள்களில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பேராசிரியர் சீனிவாசன் கெடு விதித்ததையும், கலாம் இரவு பகலாக உழைத்து முடித்ததையும் பலர் அறிவர். கடைசி நேர உழைப்பின் வெற்றி என்று மாணவர்கள் இதைப் புரிந்துகொள்வது பிழை. பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த பொருள் இருந்ததால்தான் மூன்று நாளில் செலவிட முடிந்தது. சேமிப்பே இல்லாதவனுக்கு அந்த மூன்று நாள்களும் வெறும் விழிப்பாகவே கழியும்.

இன்றைய ஆய்வுகள் கூறுவன

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்கௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் போக்கை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைந்து மறைகிறது. பின்னர் மறதியின் வேகம் குறைகிறது. நேற்றைய பாடத்துக்கு ஐந்து முறை, அதற்கு முந்தியதற்கு நான்கு முறை என்று ஸர்னூஜி இறங்குவரிசை வகுத்தது இவ்வியல்புக்கு இசைந்திருப்பதைக் காண்கிறோம்.

2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில் மாணவர் சிலர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். வேறு சிலர் ஒருமுறை வாசித்துவிட்டு, நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினர். டன்லாஸ்கியும் குழுவினரும் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை எடைபோட்டு, தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளி விட்டுப் பயில்தலும் மிகுபயன் உடையவை என்றும், அடிக்கோடிடுதலும் மறுவாசிப்பும் குறைபயன் உடையவை என்றும் வகைப்படுத்தினர். ஆசான் முன் நின்று சபக்கை ஒப்புவிக்கும் சிறுவன் நாள்தோறும் செய்வது முதல் வகையே. அதே சிறுவன் வளர்ந்து கல்லூரியில் வேதியியல் நூலை வண்ணக்கோல் கொண்டு தீட்டுகிறான். மதரஸாவில் கற்ற உத்தியை வேதியியலுக்குக் கொண்டுசெல்ல எவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

நம் கடமை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்தால் அறிவியல் மாணவனுக்கு ஐந்து ஒழுக்கங்கள் புலப்படுகின்றன. வகுப்பு நடந்த அன்றே நூலை மூடிவைத்து, நினைவில் நின்றதைத் தாளில் எழுதி, பின் நூலோடு ஒப்பிட்டு விடுபட்டதைக் குறித்தல் முதலாவது. பழைய பாடங்களை இறங்குவரிசையில் மீட்டெடுத்தல் இரண்டாவது. தீர்த்துக் காட்டப்பட்ட கணக்கை மறைத்துவிட்டுத் தானே தீர்த்துப் பார்த்தல் மூன்றாவது. கண்ணால் தொடர்ந்த கணக்கு கைக்கு வருவதில்லை. இருவர் மூவராக அமர்ந்து ஒருவர்க்கொருவர் பாடம் சொல்லுதல் நான்காவது. தமிழ்வழியில் படித்து வந்தவன் முதலில் தமிழிலேயே விளக்கிப் பார்த்து, பொருள் தெளிந்த பின் ஆங்கிலத்தில் எழுதுவது இழுக்கன்று. கிரேக்க அறிவியல் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கைவழியே அரபியில் பேசத் தொடங்கிய பிறகே அரபு நாடுகளில் வேர்கொண்டது என்பதை மறக்கலாகாது. ஆய்வகத்தில் முன்னவர் ஏட்டைப் பார்த்து அளவுகளை எழுதாமல், தன் கண் கண்டதையே எழுதுதல் ஐந்தாவது. இது திறமை மட்டுமன்று, அமானிதமும் ஆகும்.

கலாம் தூய வளனாரில் பயின்றுகொண்டிருந்த 1951ஆம் ஆண்டில், அதே திருச்சியில் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் ஜமால் முகமது கல்லூரியைத் தோற்றுவித்தனர். செல்வத்தைக் கட்டடமாகவும் நிலமாகவும் ஈந்த அத்தலைமுறையின் தொண்டு அளவிடற்கரியது. அவர்கள் திறந்த வாயில் வழியே ஆயிரக்கணக்கானோர் நுழைந்துவிட்டனர். நுழைந்தவன் இடையில் சோர்ந்து திரும்பாதிருக்கச் செய்வது நம் தலைமுறையின் பொறுப்பு. கல்விக் கட்டணத்துக்கு உதவும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பலவுண்டு. முதலாமாண்டு மாணவர்களை வாரம் ஒருநாள் மாலை கூட்டிவைத்து, மூத்த மாணவர் ஒருவர் துணையோடு ஒருவர்க்கொருவர் பாடம் சொல்லச் செய்வதற்கு ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளை இன்றும் நம்மிடம் இருக்கிறது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு ஏடு கிட்டவில்லை. இன்றைய மாணவனுக்கு நூல்கள் கைப்பேசியிலேயே குவிந்து கிடக்கின்றன. ஏடு கிட்டாதவர் பெரும்புலவரானார். குவியலின் நடுவே இருப்பவன் தனக்குப் படிப்பு வராது என்று கலங்குகிறான். அவ்வாறு கலங்கும் ஒருவனிடம், "இன்னும் அதிகமாகப் படி" என்று சொல்வதை விடுத்து, "நீ எப்படிப் படிக்கிறாய், காட்டு" என்று அருகமர்ந்து கேட்போமாயின், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஸர்னூஜி தொடங்கிய பணியில் நாமும் ஒரு பங்கு கொண்டவராவோம்.